காற்று அடித்தும் அணையாத மஞ்சள் விளக்கு

கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

டயர் காற்றழுத்த எச்சரிக்கை, அதாவது டிபிஎம்எஸ் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பாதிக்குமேல் கடிதங்கள் கேட்டிருப்பது ‘விளக்கை எப்படி அணைப்பது?’ என்றுதான். அணைக்கும் முன் அது ஏன் எரிகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் 33 அடித்தேன். அப்படியும் அணையவில்லை. வீட்டிலேயே ரீசெட் செய்ய முடியுமா? பட்டன் எங்கே இருக்கும்?
- வாசகர், கோவை

என்ன வண்டி என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே மாதிரி மஞ்சள் விளக்குக்குப் பின்னால் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருப்பதால், இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது நேரடி வகை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோ அலையில் வண்டிக்கு அனுப்பும். டேஷ்போர்டில் நான்கு டயருக்கும் தனித்தனியாக எண் தெரிந்தால் உங்களுடையது இதுதான். ஹூண்டாய் க்ரெட்டா, கியா செல்டோஸ் ஆகியவற்றின் மேல் வேரியன்ட்களில் இருப்பது இந்த வகை.

இரண்டாவது மறைமுக வகை. சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்களை வைத்தே கணக்குப் போடும். காற்று இறங்கிய டயரின் உருளும் ஆரம் கொஞ்சம் குறையும். அதனால் அதே தூரத்தைக் கடக்க அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் விளக்கு எரிகிறது. டயரில் எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு, பங்கில் சொல்லும் 33 என்பது இதுதான்) என்று இதற்குத் தெரியாது. ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக் போன்றவற்றில் வருவது இந்த வகை.

எண் தெரியவில்லை என்பதாலேயே மறைமுக வகை என்று முடிவு கட்ட வேண்டாம். நேரடி சென்சார் இருந்தும் வெறும் விளக்கு மட்டும் காட்டும் மாடல்கள் உண்டு. வால்வு உலோகத்தால் ஆகி, அடியில் ஒரு நட்டோடு இருந்தால் உள்ளே சென்சார் இருக்கிறது என்று அநேகமாக நம்பலாம். ரப்பர் வால்வாக இருந்தால் இரண்டுக்கும் வாய்ப்புண்டு. அப்போது வண்டியின் கையேடுதான் வழி.

எந்த வகையானாலும் முதல் வேலை ஒன்றுதான். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிசெய்ய வேண்டும். குளிர்ந்த டயர் என்றால் வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் 3 முதல் 5 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். நீங்கள் சூட்டில் 33 அடித்திருந்தால் மறுநாள் காலையில் அது 29 ஆக இருக்கும். அடிக்க வேண்டிய அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் 44 என்றோ 51 என்றோ அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை அடித்துவிடாதீர்கள்.

நேரடி வகையானால், காற்றைச் சரிசெய்ததும் வண்டியை எடுத்து ஓட்டுங்கள். பெரும்பாலான மாடல்களில் வேறு ரீசெட் எதுவும் தேவையில்லை. நிற்கும் வண்டியில் பேட்டரியை மிச்சம் பிடிக்க சென்சார்கள் தூங்கும். 25, 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிச் சக்கரம் சுற்றும்போதுதான் விழித்து, நிமிடத்துக்கு ஓரிரு முறை தகவல் அனுப்பும். பங்கிலேயே நின்றுகொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அணையாது. 10, 15 நிமிட ஓட்டம் போதும். இன்னொன்று, விளக்கு எரியத் தொடங்கும் அளவைவிட அணையும் அளவு சற்று மேலே இருக்கும். ஸ்டிக்கரில் 33 என்றிருக்க நீங்கள் 28 வரை மட்டும் ஏற்றினால் விளக்கு பிடிவாதமாக எரிந்துகொண்டே இருக்கலாம்.

டொயோட்டாவின் பல பழைய மாடல்களில் ஸ்டியரிங்குக்குக் கீழேயோ கிளவ் பாக்ஸுக்குள்ளோ ஒரு சின்ன பட்டன் உண்டு. நான்கு டயரையும் சரியான அளவுக்கு அடித்துவிட்டு, வண்டி நிற்க, இக்னிஷனை ஆன் செய்து, விளக்கு மெதுவாக மூன்று முறை மின்னும்வரை அந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு சில நிமிடம் இக்னிஷனை அணைக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டு உடனே அணைத்தால் பதிவாகாது.

மறைமுக வகையில்தான் ரீசெட் கட்டாயம். ஹோண்டா சிட்டியில் வண்டியை நிறுத்தி, ஆட்டோமேட்டிக்கானால் கியரைப் பார்க்கில் போட்டு, டேஷ் மெனுவில் டிபிஎம்எஸ் காலிபரேஷனை, அதாவது அளவைப் புதிதாகக் கற்பிப்பதைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்ய வேண்டும். வேலை அதோடு முடியவில்லை. மணிக்கு 50 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஓடினால்தான் புதிய அளவை வண்டி முழுதாகக் கற்றுக்கொள்ளும். ஒரே மூச்சில் ஓட வேண்டியதில்லை. டைகுன், குஷாக்கில் நடுத் திரையில் வண்டி நிலவரப் பக்கத்துக்குப் போய், டயர் பகுதியில் ‘செட்’ அழுத்த வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா குடும்பத்தின் பழைய வண்டிகள் சிலவற்றில் இதற்கெனத் தனிப் பட்டனே உண்டு.

எனக்கு விளக்கு சும்மா எரியவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிகிறது. காற்று நான்கிலும் சரியாகவே இருக்கிறது.
- வாசகி, திருப்பூர்

இது காற்றுப் பிரச்சினை இல்லை. 60 முதல் 90 விநாடி மின்னிவிட்டு நிலைத்தால் டிபிஎம்எஸ் அமைப்பிலேயே கோளாறு என்று பொருள். ரீசெட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் போகாது.

வண்டி வாங்கி ஆறேழு வருடம் ஆகியிருந்தால் முதல் சந்தேகம் சென்சார் பேட்டரிமேல்தான். உள்ளே இருப்பது லித்தியம் காசு பேட்டரி. 5 முதல் 10 வருடம் வரை வரும். அதை ரெசினில் புதைத்து மூடியிருப்பார்கள், அதனால் பேட்டரி மட்டும் மாற்ற முடியாது. சென்சாரையே மாற்ற வேண்டும். நான்கும் ஒரே நாளில் பிறந்தவை என்பதால் ஒன்று போனால் மற்றவை பின்னாலேயே வரும். டயர் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் நான்கையும் அப்போதே சேர்த்து மாற்றிவிடுங்கள், டயரைக் கழற்றி மாட்டும் கூலி ஒருமுறையோடு போகும்.

எந்தச் சக்கரம் என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எண் காட்டும் வண்டியானால் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகும் எந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் கோடு நிற்கிறதோ அதுதான். எண் காட்டாத வண்டிக்கு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஓபிடியில், அதாவது வண்டியின் கோளாறு படிக்கும் சாக்கெட்டில் மாட்ட, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் கருவி பெரும்பாலும் என்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும், டிபிஎம்எஸ் பக்கமே போகாது. வாங்கும் முன் உங்கள் வண்டியின் டிபிஎம்எஸ்ஸைப் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

‘செட்’ அழுத்தினால் விளக்கு போய்விடுகிறது. இரண்டு மூன்று நாளில் திரும்ப வருகிறது. மறுபடி அழுத்துகிறேன். சென்சார் கெட்டுவிட்டதா?
- வாசகர், மதுரை

சென்சார் கெடவில்லை. இனிமேல் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். மறைமுக வகையில் ‘செட்’ என்பது ‘இப்போது இருக்கும் அளவுதான் சரி, இதை நினைவில் வைத்துக்கொள்’ என்று வண்டிக்குச் சொல்வது. டயரில் 26 இருக்கும்போது அழுத்தினால் 26 தான் சரி என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு 22 வரை இறங்கினாலும் சத்தம் போடாமல் இருக்கலாம். எச்சரிக்கையை நீங்களே படிப்படியாக மழுங்கடிக்கிறீர்கள்.

உங்கள் வண்டியில் ஏதோ ஒரு டயர் மெதுவாகக் காற்றை விடுகிறது. நல்ல டயர்கூட மாதத்துக்கு 1, 2 பிஎஸ்ஐ இழக்கும், அது இயல்பு. மூன்று நாளில் விளக்கு வருவது இயல்பில்லை. நான்கையும் காலையில் 33க்கு அடித்து எழுதிவையுங்கள். மறுநாள் அதே நேரத்தில், வண்டியை எடுக்கும் முன் மீண்டும் அளங்கள். குற்றவாளி தெரிந்துவிடும்.

பிறகு ஒரு மக்கில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், ஒரு பழைய பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வால்வு மூடியைக் கழற்றி வால்வின் வாய்க்குள் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் வால்வு ஊசி கசிகிறது. அதைச் சில ரூபாயில் மாற்றிவிடலாம். அடுத்து வால்வின் அடியை விரலால் பக்கவாட்டில் லேசாக வளைத்தபடி சோப்பு தடவுங்கள். வெயிலில் வெடித்த ரப்பர் வால்வு அப்போதுதான் குமிழி விடும். மூன்றாவது, டயரும் அலாய் வீலும் சந்திக்கும் விளிம்பு, சுற்று முழுவதும். அலாயில் அரிப்புப் பிடித்துப் பொடி பூத்திருந்தால் அங்கே ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக வரும். இதற்குப் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை, டயரைக் கழற்றி விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். கடைசியாகத்தான் டயரின் ஓடுதளம். ஆணி தெரிந்தால் வீட்டில் பிடுங்காதீர்கள். அது இருக்கும்வரை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும்.

கசிவைச் சரிசெய்து, குளிர்ந்த டயரில் சரியான அளவு அடித்த பிறகு ஒரே ஒரு முறை ‘செட்’ அழுத்துங்கள்.

மேட்டுப்பாளையத்தில் 33 வைத்துவிட்டு ஊட்டி போனேன். மறுநாள் காலை டேஷில் 30 காட்டியது. கையில் இருந்த கேஜ் 33க்கு மேல் காட்டியது. எது பொய் சொல்கிறது?
- வாசகர், ஈரோடு

இரண்டுமே உண்மைதான், அளக்கும் விதம்தான் வேறு. கை கேஜ் டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக் காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். சக்கரத்துக்குள் அடைபட்ட சென்சாருக்கு வெளிக்காற்று தெரியாது. அது உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தை அளக்கும். பல வண்டிகளில் அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தமான 14.7 பிஎஸ்ஐயைக் கழித்துத்தான் டேஷில் போடுகிறார்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் 11 பிஎஸ்ஐக்குச் சற்று மேல்தான். ஆனாலும் டேஷ் 14.7ஐயே கழிக்கிறது. அதனால் கேஜைவிட மூன்று, மூன்றரை குறைவாகக் காட்டும். இதற்கு மேல் குளிர். கீழே இருந்ததைவிட 15 டிகிரி குறைந்தால் டயருக்குள் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கும். கேஜில் உயரமும் குளிரும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் 33லேயே நிற்கிறது. டேஷில் குளிரின் இறக்கம் அப்படியே தெரிகிறது.

டயருக்கு முக்கியம் உள்ளேயும் வெளியேயும் இருக்கும் வித்தியாசம்தான். ஆகவே மலைமேல் கேஜை நம்புங்கள். டேஷைப் பார்த்து அங்கே காற்று ஏற்ற வேண்டாம். விளக்கு எரிந்து, கேஜிலும் குறைவாகக் காட்டினால் மட்டும் ஏற்றுங்கள். மறைமுக வகை வண்டியை மலையில் வைத்துக் காலிபரேட் செய்யாமல் இருப்பதும் நல்லது. வளைவுகளில் உள் சக்கரம், வெளிச் சக்கரம் வேறு வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால், நேர்ச்சாலையில் ஓட்டினால்தான் சுத்தமாகக் கற்றுக்கொள்ளும்.

பஞ்சர் போட்ட இடத்தில் சென்சாரை உடைத்துவிட்டார்கள். ஆன்லைனில் வாங்கி நானே கொடுத்துப் பொருத்தச் சொல்லலாமா? வண்டி தானாக அடையாளம் கண்டுகொள்ளுமா?
- வாசகர், சென்னை

வாங்கலாம், மூன்று விஷயம் சரியாக இருந்தால். முதலாவது அலைவரிசை. இந்தியாவில் விற்கும் வண்டிகளுக்கு வழக்கமாக 433 மெகாஹெர்ட்ஸ். வட அமெரிக்காவுக்கான பட்டியலில் 315 மெகாஹெர்ட்ஸ் சென்சார்கள் நிறையக் கிடைக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பொருத்திய பிறகு வண்டியோடு பேசாது. இரண்டாவது பாகத்தின் எண். அதே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் மாறும். பழைய சென்சாரின் முதுகில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். மூன்றாவது அடையாள எண். ஒவ்வொரு சென்சாருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 7 அல்லது 8 இலக்க எண் ஒன்று உண்டு. டயருக்குள் போகும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பார்க்க டயரைத்தான் கழற்ற வேண்டும்.

வண்டி புதிய சென்சாரை ஏற்றுக்கொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன. சில வண்டிகள் 20 நிமிடம் போல ஓட்டினாலே தாமாகக் கற்றுக்கொள்ளும். சிலவற்றில் வண்டியைக் கற்கும் நிலையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலை அனுப்பும் கைக்கருவியைக் காட்டி எழுப்ப வேண்டும். சிலவற்றில் ஸ்கேனரை ஓபிடியில் மாட்டி எண்ணை எழுதினால்தான் உண்டு. பட்டறைக்குப் போகாமல் தப்பிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. எண்ணை எழுதிக்கொள்ளும் பொது வகை சென்சார் வாங்கி, உடைந்த சென்சாரின் எண்ணையே அதில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். பழைய சென்சாரே திரும்பி வந்துவிட்டதாக வண்டி நினைத்துக்கொள்ளும். உடைந்த துண்டில் எண் படிக்கும்படி இருந்தால் இது நடக்கும். அதனால் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உலோக வால்வு வகையில் அடி நட்டைக் கைபோன போக்கில் முறுக்கக்கூடாது. தயாரிப்பாளரைப் பொறுத்து 4 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரைதான். சக்கர நட்டுக்குக் கொடுக்கும் நூற்றுச் சொச்சத்தோடு ஒப்பிட்டால் இது விரல் பலம். அதிகம் முறுக்கினால் அலுமினியத் தண்டு அங்கேயே அறுந்துவிடும், அல்லது ஒரு வாரம் கழித்து ஓடும்போது அறும். ரப்பர் வளையம், நட்டு, வாஷர், வால்வு ஊசி, மூடி எல்லாம் சேர்ந்த சிறு கிட் கிடைக்கும். டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதை மாற்றுவதே முறை. நசுங்கிய பழைய வளையம் மீண்டும் முழுதாக அடைக்காது.

வால்வு ஊசியைக் கவனியுங்கள். அலுமினியத் தண்டுக்கு நிக்கல் பூசிய, வெள்ளியாக மின்னும் ஊசிதான் போட வேண்டும். பஞ்சர் கடை டப்பாவில் கொட்டிக் கிடப்பது மஞ்சள் நிறப் பித்தளை ஊசி. பித்தளையும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் உப்புக்காற்று வேறு. சில மாதத்தில் ஊசியைத் திருகினால் தண்டோடு உடைந்து வரும். அழகுக்காகப் போடும் உலோக மூடிகளுக்கும் இதே கதி. வண்டியோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியே போதும்.

அடுத்த முறை பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும் முன்பே ‘உள்ளே சென்சார் இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். டயர் விளிம்பை வீலிலிருந்து பெயர்க்கும் கத்தி வால்வுக்கு எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும், வால்வுப் பக்கம் இறங்கினால் முதல் அடி சென்சார்மேல்தான். வெளியிலிருந்து குச்சி சொருகும் பஞ்சருக்கு டயரைக் கழற்றவே வேண்டாம் என்பதால் அதில் இந்த ஆபத்து இல்லை. ஓட்டை அடைக்கும் திரவத்தைப் பொறுத்தவரை, சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மற்றவை சென்சாரின் அழுத்தத் துளையை அடைத்துவிடும். எது ஊற்றினாலும், டயரைத் திறக்கும்போது சென்சாரைத் துடைக்கச் சொல்லுங்கள்.

டயர் ரொட்டேஷன் செய்த பிறகு, அதாவது சக்கரங்களை முன்பின் இடம் மாற்றிப் போட்ட பிறகு, பின் இடது டயரில் காற்றுக் குறைந்தால் முன் இடது என்று காட்டுகிறது.
- வாசகர், திருச்சி

சென்சார் சக்கரத்தோடு இடம் மாறிவிட்டது, வண்டியின் பட்டியல் மாறவில்லை. சில வண்டிகள் சற்று நேரம் ஓட்டினால் இடத்தைத் தாமே திருத்திக்கொள்ளும். திருத்தவில்லையென்றால் ஸ்கேனரில் இடங்களை மறுபடி எழுத வேண்டும், ரொட்டேஷன் செய்த இடத்திலேயே கேளுங்கள். உங்கள் வண்டி எந்த ரகம் என்று சோதிப்பது எளிது. ஒரு டயரில் மட்டும் 3 பிஎஸ்ஐ குறைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டி, எந்த இடத்தில் எண் குறைகிறது என்று பாருங்கள். பார்த்ததும் அந்தக் காற்றைத் திரும்ப அடித்துவிடுங்கள். முன்னும் பின்னும் வேறு அழுத்தம் சொல்லியிருக்கும் வண்டிகளில் ரொட்டேஷன் முடிந்ததும் காற்றையும் புதிய இடத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும், இது பலருக்கும் மறந்துபோகிறது. மறைமுக வகையானால் காற்றைச் சரிபார்த்து, காலிபரேஷன் ஒருமுறை.

ஸ்டெப்னி மாட்டினால் விளக்கு எரியுமா?
- வாசகி, சேலம்

பெரும்பாலும் எரியும். நம்மூர் வண்டிகளில் ஸ்டெப்னிக்குள் பெரும்பாலும் சென்சார் கிடையாது. நேரடி வகையில் சற்று நேரம் தேடிப் பார்த்துவிட்டுக் கோளாறு விளக்கைப் போடும். மறைமுக வகையில், ஸ்டெப்னி ஓரங்குலம் சிறியதாக இருந்தால் சுற்றும் வேகம் மாறி எச்சரிக்கை வரும். ஸ்டெப்னியோடு காலிபரேட் செய்யாதீர்கள். பழைய சக்கரம் திரும்ப வந்ததும் செய்யுங்கள். அளவு குறைந்த ஸ்டெப்னியில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

இதையொட்டி ஒரு தகவல். 2020இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் டியூப்லெஸ் டயரும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. புதிய கார் வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

குளிர்கால டயர்களுக்குத் தனி ரிம் வாங்கியிருக்கிறேன். அதில் சென்சார் இல்லை. ஏப்ரல் வரை விளக்கோடு ஓட்டலாமா? வண்டி செவ்ரோலெட்.
- வாசகர், டொரன்டோ

ஓட்டலாம். அமெரிக்காவில் 2008 மாடல் வண்டிகளிலிருந்து டிபிஎம்எஸ் கட்டாயம், கனடாவில் அப்படி விதி இல்லை. ஆனால் உங்களுக்குக் காற்று இறங்குவதே குளிர்காலத்தில்தான். 15 டிகிரி இருக்கும் கராஜில் 33 அடித்துவிட்டு மைனஸ் 15க்கு வண்டியை எடுத்தால் டயரில் 28 தான் இருக்கும். கசிவே வேண்டாம், குளிரே ஐந்தைத் தின்றுவிடும். ஆகவே வண்டியை இரவு வெளியே நிறுத்திக் காலையில் அளந்து அடியுங்கள். சென்சார் இல்லாத வரை இரு வாரத்துக்கு ஒரு முறை கேஜ் பிடிக்க வேண்டும்.

குளிர்கால ரிம்மிலும் சென்சார் போடுவதாக முடிவு செய்தால், உங்கள் வண்டி வருடத்துக்கு 315 மெகாஹெர்ட்ஸா 433ஆ என்று பார்த்து வாங்குங்கள். அங்கே இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் செவ்ரோலெட் போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் சக்கரம் மாற்றிய பிறகு வீட்டிலேயே பதிவு செய்யலாம், சென்சாரை எழுப்பும் கைக்கருவி மட்டும் வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, இக்னிஷன் ஆன் செய்து, பழைய மாடலானால் சாவியின் லாக், அன்லாக் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். புதிய மாடலானால் டேஷ் மெனுவில் டயர் கற்றலைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ன் இரண்டு முறை அடித்தால் வண்டி தயார். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று வட்டமாகப் போங்கள், வரிசை மாறக்கூடாது. கருவியை டயரின் பக்கவாட்டில் வால்வுக்கு அருகே வைத்து அழுத்த, ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் ஒரு முறை அடிக்கும். நான்காவது முடிந்ததும் இரண்டு முறை. முதல் சக்கரத்தை 2 நிமிடத்துக்குள்ளும் நான்கையும் 5 நிமிடத்துக்குள்ளும் முடிக்காவிட்டால் வண்டி அந்த நிலையிலிருந்து வெளியே வந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கழற்றி வைத்த கோடைச் சக்கரங்களைப் பக்கத்திலேயே அடுக்கி வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். அவற்றின் சென்சார் விழித்து நடுவில் பதில் சொன்னால் தவறான எண் பதிவாகும்.

என் பழைய வண்டிக்கு வால்வு மூடியாகத் திருகும் டிபிஎம்எஸ் வாங்கினேன். பின் வலது மட்டும் எண் காட்டவில்லை.
- வாசகர், திருநெல்வேலி

அந்தச் சென்சார் டிஸ்ப்ளேயில் பதிவாகவில்லை, அல்லது பேட்டரி தீர்ந்திருக்கிறது. முதலில் பேட்டரி. இந்த மூடிகளில் பலவற்றில் சிஆர்1632 வகைக் காசு பேட்டரி இருக்கும். கூடவே தந்திருக்கும் சிறு ஸ்பானரால் திறந்து மாற்றலாம். திறந்ததும் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போகும்.

பதிவு செய்யும் முறை பெரும்பாலான டிஸ்ப்ளேகளில் ஒன்றுபோல்தான். செட் பட்டனை நீளமாக அழுத்தி மெனுவுக்குள் போய், சென்சார் கற்றல் பக்கத்தில் பின் வலது இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த டயர் மின்னும். அப்போது சென்சாரை வால்வில் திருகுங்கள். திடீரென அழுத்தம் ஏறுவதைக் கண்டு சென்சார் தன் எண்ணை அனுப்பும், பீப் சத்தம் வரும். வராவிட்டால் கழற்றி, அரை நிமிடம் விட்டுத் திரும்பத் திருகுங்கள். மற்ற மூன்று சென்சார்கள் அந்த நேரத்தில் வால்விலேயே இருக்கட்டும். அதே மெனுவில் எச்சரிக்கை எல்லையையும் மாற்றுங்கள். ஸ்டிக்கரில் 32 என்றால் கீழ் எல்லை 26, மேல் எல்லை 42 என்று வைக்கலாம். மேல் எல்லையை 36இல் வைத்தால் மே மாத வெயிலில் நான்குவழிச் சாலையில் நிற்காமல் கத்தும்.

இந்த மூடிச் சென்சாருக்கு எடை உண்டு. பழைய ரப்பர் வால்வு வேகத்தில் அந்த எடையை இழுத்து இழுத்து அடியில் வெடிக்கும். நான்கு வால்வையும் புதிதாக, முடிந்தால் உலோகத் தண்டு வகையாக மாற்றிவிட்டு மாட்டுங்கள். திருகிய பிறகு மேலே சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கோணலாகத் திருகிய மூடி வால்வு ஊசியை அழுத்திக்கொண்டே இருந்து, காற்றைக் கண்காணிக்க வந்ததே காற்றை இறக்கிவிடும்.

நைட்ரஜன் அடித்தால் டிபிஎம்எஸ்ஸை மாற்றி அமைக்க வேண்டுமா? பேட்டரி மைனஸைக் கழற்றி மாட்டினால் ரீசெட் ஆகும் என்கிறார்களே?
- வாசகர், புதுச்சேரி

நைட்ரஜனுக்கு எந்த மாற்றமும் வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். வழியில் குறைந்தால் பங்க் காற்றையே மேலே அடித்துக்கொள்ளலாம்.

பேட்டரியைக் கழற்றுவதால் டயர் விளக்கு போகாது. சென்சார் எண்கள் நினைவகத்தில் அப்படியே இருக்கும். ஓட்டியதும் அதே குறைந்த அழுத்தத்தைப் படித்து மறுபடி எரியும். உங்களுக்கு மிஞ்சுவது கடிகாரத்தைச் சரிசெய்வதும், ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோ ஏற்றத்தைத் திரும்பப் பழக்குவதும்தான்.